மாதிரி தயாரிப்பில் டைகுளோரோமீத்தேனைக் குறைக்க எந்த வழி உண்மையில் உதவும்?

நீர்ச்சோதனை:

வணக்கம். தண்ணீர் மாதிரிகளில் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களை ஜிசி-எம்எஸ் கருவியில் (வாயு குரோமடோகிராஃபியும் நிறை நிறமாலைமானியும் சேர்ந்தது) அளக்கிறோம். இனி பிஏஎச் என்றே எழுதுகிறேன். மாதிரி தயாரிப்பு பழைய முறைதான். ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிபுனலில் ஊற்றி, 60 மி.லி. டைகுளோரோமீத்தேன் விட்டுக் குலுக்கி, அடுக்கு பிரிந்ததும் கீழே இறக்கி, இதையே மூன்று தடவை செய்து, சோடியம் சல்பேட் வழியாக வடித்து, கடைசியில் எல்லாவற்றையும் ஆவியாக்கி ஒரு மி.லி.க்குக் கொண்டுவருகிறோம். ஒரு மாதிரிக்கு 180 மி.லி. கரைப்பான். பிளாங்க் (வெற்று மாதிரி), ஸ்பைக் (தெரிந்த அளவு பிஏஎச் சேர்த்தது), டூப்ளிகேட் (இரட்டை) என்று சேர்த்தால் ஒவ்வொரு தொகுதிக்கும் லிட்டர் கணக்கில் போகிறது, அதில் பெரும்பகுதி ஆவியாகி எங்கே போகிறது என்று யோசித்தால் மனது கேட்கவில்லை. புகைப்போக்கிப் பெட்டிக்கு முன்னால் நாள் முழுவதும் நிற்பவர்களைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.

மாற்றவேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எதற்கு மாறுவது என்பதில்தான் குழப்பம். எஸ்பிஎம்இ (இழையில் பிரித்தெடுப்பது), டிஎல்எல்எம்இ (கரைப்பானை நுண்துளிகளாகத் தூவிப் பிரித்தெடுப்பது), காந்த நானோத்துகள், அயனித் திரவம் (திரவ நிலையில் உள்ள உப்பு), ஆழ் யூடெக்டிக் கரைப்பான் (கலந்தால் உருகுநிலை வெகுவாக இறங்கும் பொருள்களின் கலவை) என்று படிக்கப் படிக்கப் பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன, ஒவ்வொரு கட்டுரையும் தன் முறைதான் பசுமையானது என்கிறது. எங்கள் வழிகாட்டிக்கு ஆழ் யூடெக்டிக் கரைப்பானில் ஆர்வம் அதிகம். கட்டுரை எழுதுவது எனக்கு இரண்டாம் பட்சம், தினமும் ஓட்டக்கூடிய முறை வேண்டும். இதில் அனுபவம் உள்ளவர்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்? முடிந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

நிறப்பிரிகை:

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

புதுப்பெயர் எதையும் தேடுவதற்கு முன்னால் உங்கள் ஒரு லிட்டரைக் கேள்வி கேளுங்கள். ஏன் ஒரு லிட்டர்? அந்த முறை எழுதப்பட்ட காலத்து ஜிசி-எம்எஸ் கருவிகளின் உணர்திறனுக்கு அது தேவைப்பட்டது. ஒரு லிட்டரை ஒரு மி.லி.க்குச் சுருக்கி, அதில் ஒரு மைக்ரோலிட்டர் ஊசி போடுகிறீர்கள். அதாவது ஜிசியின் பிரிப்புக் குழாய்க்குள் போவது ஒரு மி.லி. தண்ணீரில் இருந்த பிஏஎச் மட்டும்தான். மீதி 999 மி.லி. தண்ணீரின் பிஏஎச் சின்னக் கண்ணாடிக் குப்பியிலேயே தங்கிவிடுகிறது. அந்த ஒரு மி.லி.க்காக 180 மி.லி. கரைப்பான் செலவாகிறது.

இப்போது இதே கணக்கை மாற்றிப் போடுங்கள். 40 மி.லி. தண்ணீர், 2 மி.லி. ஐசோஆக்டேன். நன்றாகக் குலுக்கி, மேலே மிதக்கும் அடுக்கிலிருந்து 50 மைக்ரோலிட்டர் எடுத்து, வெப்பநிலையை நிரல்படி ஏற்றும் பிடிவி இன்லெட் (மாதிரி ஜிசிக்குள் நுழையும் வாய்) வழியாக ஊசி போடுங்கள். 2 மி.லி.யில் 50 மைக்ரோலிட்டர் என்றால் நாற்பதில் ஒரு பங்கு, 40 மி.லி. தண்ணீரில் நாற்பதில் ஒரு பங்கு ஒரு மி.லி. ஆக, பிரிப்புக் குழாய்க்குள் போகும் அளவு பழைய முறைக்குச் சமம். கரைப்பான் 180-லிருந்து 2 மி.லி.க்கு இறங்கிவிட்டது, ஆவியாக்கும் வேலையே இல்லை. ஆவியாக்காததால் நாஃப்தலீன் இழப்பும் இல்லை. பழைய முறையில் நாஃப்தலீன் மீட்பு எப்போதும் குறைவாக வந்திருக்குமே, அதற்குப் பெரும்பாலும் காரணம் நைட்ரஜன் ஊதும் படிதான்.

இவ்வளவு குறைந்த கரைப்பானுக்கு பிஏஎச் முழுசாக வருமா என்று கேட்பீர்கள். வரும். இருப்பதிலேயே தண்ணீரில் அதிகம் கரையக்கூடிய நாஃப்தலீனுக்கே ஆக்டனால்-நீர் பங்கீட்டு மாறிலி, அதாவது தண்ணீரைவிட ஆக்டனாலில் அதன் செறிவு எத்தனை மடங்கு என்பது, ஏறத்தாழ 2000. ஐசோஆக்டேனுக்கு வேறு எண் வரும், ஆனால் அதே வரிசைதான். தண்ணீருக்கும் கரைப்பானுக்கும் கன அளவு விகிதம் 20. இரண்டாயிரத்தை இருபதால் வகுத்தால் நூறு, அப்படியானால் சமநிலையில் 99 சதவீதம் கரைப்பானில் இருக்கும். பென்சோ(ஏ)பைரீன் போன்ற கனமானவற்றுக்கு மாறிலி பத்து லட்சத்துக்கு மேல் போகிறது. மூன்று தடவை குலுக்குவதற்கு இந்தச் சேர்மங்களைப் பொறுத்தவரை தேவையே இல்லை. பிரித்தெடுக்கக் கஷ்டமான, துருவத்தன்மை உள்ள பொருள்களையும் சேர்த்து ஒரே முறையில் அள்ளுவதற்காக வந்த ஏற்பாடு அது.

இன்னொன்று. டைகுளோரோமீத்தேன் லிட்டருக்குப் பத்து கிராமுக்கும் மேல் தண்ணீரில் கரையும். பிரித்தெடுத்த பிறகு நீங்கள் கொட்டும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் அதைச் சுமந்துகொண்டுதான் போகிறது. ஐசோஆக்டேன் கரைவது லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். ஹெக்சேனும் அப்படித்தான், ஆனால் ஹெக்சேன் உடலுக்குள் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி நரம்பைப் பாதிக்கும், அதனால் ஐசோஆக்டேன் அல்லது ஹெப்டேன் எடுங்கள், பிஏஎச்சுக்கு வேலை செய்வதில் பெரிய வித்தியாசம் இருக்காது. இவையும் எளிதில் தீப்பற்றும், நீர்வாழ் உயிர்களுக்கு நல்லதல்ல, எனவே மிச்சத்தைக் கழிவுப் புட்டியில்தான் சேர்க்கவேண்டும். 2 மி.லி. என்பதால் அது சமாளிக்கக்கூடிய வேலை.

நார்முனை:

நிறப்பிரிகை சொன்னதோடு சண்டை இல்லை, ஆனால் கரைப்பானே இல்லாமல் செய்யமுடியும்போது ஏன் 2 மி.லி. கூட வேண்டும்?

எஸ்பிஎம்இ 1990-இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பாவ்லிசினும் ஆர்தரும் வெளியிட்டது. ஒரு மெல்லிய சிலிக்கா இழை, அதன்மேல் சிலிகோன் பூச்சு. தண்ணீருக்குள் இறக்கினால் பிஏஎச் பூச்சுக்குள் ஏறும், அப்படியே ஜிசி இன்லெட்டுக்குள் நுழைத்துச் சூடாக்கினால் இறங்கும். பிரித்தெடுப்பு, செறிவாக்கம், ஊசி மூன்றும் ஒரே இழையில். தானியங்கி மாதிரியேற்றி இருந்தால் ராத்திரி முழுக்க அதுவே ஓடும். ஒரே இழையைப் பல பத்து மாதிரிகளுக்குப் பயன்படுத்தலாம். புகைப்போக்கிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவர்கள் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்தக் கவலைக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அது எங்கே சறுக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 100 மைக்ரோமீட்டர் பூச்சின் கன அளவு சுமார் 0.6 மைக்ரோலிட்டர்தான். 10 மி.லி. தண்ணீரோடு ஒப்பிட்டால் விகிதம் 16,000-க்கும் மேல். நாஃப்தலீனின் 2000-ஐ அதால் வகுத்துப் பார்த்தால் சமநிலையில்கூட இழைக்கு வருவது பத்துப் பதினோரு சதவீதம். இது குறை இல்லை, எஸ்பிஎம்இ முழுவதையும் இழுக்கும் முறையே அல்ல, சமநிலை முறை. அளவீட்டு வளைவை அதே நிலைமையில் போட்டால் எண் சரியாக வரும். முழுசாக இழுக்கவேண்டும் என்றால் 1999-இல் வந்த எஸ்பிஎஸ்இ இருக்கிறது, காந்தக் கலக்கிக் குச்சியின் மேல் தடிமனான சிலிகோன் உறை. 24 மைக்ரோலிட்டர் சிலிகோன் உள்ள குச்சியைப் போட்டால் அதே 10 மி.லி. தண்ணீரிலிருந்து நாஃப்தலீன் எண்பது சதவீதத்துக்கும் மேல் வரவேண்டும், கோட்பாட்டுப்படி. அதற்கு வெப்ப வெளியேற்றக் கருவி வேண்டும், இல்லையென்றால் குச்சியை ஒன்றிரண்டு நூறு மைக்ரோலிட்டர் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கலாம்.

பெரிய எச்சரிக்கை இது. உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. குடிநீர் என்றால் எஸ்பிஎம்இ அழகாக வேலை செய்யும். கலங்கல் தண்ணீர், மட்கு அமிலம் நிறைந்த தண்ணீர், கழிவுநீர் என்றால் கதை வேறு. கனமான பிஏஎச் மிதக்கும் துகளிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்ளும். இழை பார்ப்பது தண்ணீரில் தனியாகக் கரைந்து திரியும் பகுதியை மட்டும்தான், பிரிபுனல் முறை ஓரளவுக்கு மொத்தத்தையும் இழுக்கும். இரண்டும் வேறு வேறு அளவுகள். மீன்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டால் முதலாவது பொருத்தம், சட்ட வரம்போடு ஒப்பிடவேண்டும் என்றால் இரண்டாவது தேவைப்படலாம். டியூட்டீரியம் இட்ட ஸ்டாண்டர்டு (கன ஹைட்ரஜன் ஏற்றிய அதே பிஏஎச், தெரிந்த அளவில்) சேர்த்தால் ஓரளவு சரிக்கட்டலாம், ஆனால் அதைச் சேர்த்த உடனே பிரித்தெடுக்காமல், அது துகளோடு சமநிலைக்கு வர நேரம் கொடுக்கவேண்டும்.

இழையைத் தண்ணீருக்கு மேலே உள்ள காற்றில் வைக்கும் மேல்வெளி எஸ்பிஎம்இ நாஃப்தலீன், அசிநாஃப்தீன் வரைக்கும் சரி. ஐந்து வளையம் உள்ளவற்றின் ஆவியழுத்தம் மிகக் குறைவு, அதற்கு இழையை நேராகத் தண்ணீருக்குள்தான் இறக்கவேண்டும்.

பசுமைக்கணக்கு:

ஆழ் யூடெக்டிக் கரைப்பான் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் வழிகாட்டியிடம் நீங்கள் பேசவேண்டியது அதைப் பற்றித்தான்.

முதலில் கோலின் குளோரைடும் யூரியாவும் 1:2 விகிதத்தில் சேர்ந்த அந்தப் பிரபலமான கலவை. தனித்தனியாகத் திண்மமாக இருப்பவை, கலந்தால் 12 டிகிரியில் உருகிவிடும். மலிவு, எளிதில் ஆவியாகாது, நச்சு குறைவு. எல்லாம் உண்மை. ஆனால் அது தண்ணீரோடு முழுக்கக் கலந்துவிடும். உங்கள் நீர் மாதிரியில் ஊற்றினால் கோலின் குளோரைடு கரைசலும் யூரியா கரைசலும்தான் மிஞ்சும், அந்தக் கரைப்பான் என்ற ஒன்றே அங்கே இருக்காது. செடி, மண், உணவு போன்ற திண்ம மாதிரிகளில் அதற்கு இடமுண்டு, நீர் மாதிரியில் இல்லை.

சரி, தண்ணீரை வெறுக்கும் வகை இருக்கிறதே, மெந்தாலும் டெக்கனாயிக் அமிலமும், மெந்தாலும் தைமாலும் என்று. அவை தண்ணீரில் பிரிந்து நிற்கும், பிஏஎச்சையும் இழுக்கும். அதற்குப் பிறகு? அதை ஜிசிக்குள் எப்படி ஊசி போடுவீர்கள்? மெந்தாலின் கொதிநிலை 210 டிகிரிக்குச் சற்று மேல், நாஃப்தலீனுடையது 218. குரோமடோகிராமின் தொடக்கத்தையே மெந்தால் மூடிவிடும், அமிலம் தன் பங்குக்கு அகலமான ஒரு மேட்டைப் போடும், இன்லெட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயான லைனரும் சீக்கிரம் அழுக்காகும். அதனால்தான் இந்தக் கட்டுரைகளில் பல எச்பிஎல்சி (திரவ குரோமடோகிராஃபி) பக்கம் போகின்றன. எச்பிஎல்சி ஒளிர்வு உணர்வியில் பிஏஎச் நன்றாகத் தெரியும், அசிநாஃப்திலீன் மட்டும் ஒளிராது, அதற்கு யுவி உணர்வி வேண்டும். ஆனால் நிமிடத்துக்கு ஒரு மி.லி. ஓட்டத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் அசிட்டோநைட்ரைலும் தண்ணீருமாக 30 மி.லி. கழிவு. பிரித்தெடுப்பில் நூறு மைக்ரோலிட்டர் மிச்சம்பிடித்ததைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, இந்த 30 மி.லி.யைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

காந்த நானோத்துகளும் இதே ரகம். பிரித்தெடுக்கும்போது ஒரு காந்தத்தைக் காட்டினால் போதும், மையவிலக்கு வேண்டாம், நன்று. ஆனால் அந்தத் துகளைத் தயாரிக்க, மேற்பூச்சு போட, கழுவ எவ்வளவு கரைப்பான், எத்தனை மணி நேரச் சூடு? எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம், முந்தைய மாதிரியின் எச்சம் அடுத்ததில் வருகிறதா? இதைக் கேட்காமல் பசுமை என்று சொல்லமுடியாது.

டிஎல்எல்எம்இ 2006-இல் வந்தது. ஒரு மி.லி. அளவு அசிட்டோனில் சில பத்து மைக்ரோலிட்டர் பிரித்தெடுக்கும் கரைப்பானைக் கலந்து தண்ணீருக்குள் வேகமாகச் செலுத்தினால் பால்போல் கலங்கும், பரப்பு அதிகம் என்பதால் நொடிகளில் பிரித்தெடுப்பு முடிந்துவிடும். வேதியியலாக ரசிக்கத்தக்க யோசனை. முதல் வடிவங்களில் குளோரோபென்சீன், கார்பன் டெட்ராகுளோரைடு, டெட்ராகுளோரோஎத்திலீன் போன்றவை பயன்பட்டன, ஏனென்றால் மையவிலக்கில் சுழற்றினால் அவை அடியில் படியும். அளவு குறைவுதான், ஆனால் நச்சைக் குறைக்கப் புறப்பட்டவர் கார்பன் டெட்ராகுளோரைடு வாங்கவேண்டிய நிலை வரக்கூடாது. இப்போது மிதக்கும் கரைப்பான்களை வைத்தும் செய்கிறார்கள். 24 டிகிரி அளவில் உறையும் டோடெக்கனாலைப் பயன்படுத்தி, குளிரவைத்துக் கட்டியாக எடுத்துவிடுவது அவற்றில் நல்ல வழி.

மதிப்பெண் முறைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் வந்த பகுப்பாய்வுச் சூழல் அளவுகோலில் 100-லிருந்து தண்டப் புள்ளிகளைக் கழிப்பார்கள், 75-க்கு மேல் வந்தால் மிக நன்று. பயன்படுத்த எளிது, ஆனால் கழிவு 10 மி.லி.க்கு மேல் என்றால் 5 புள்ளி, அவ்வளவுதான். 11 மி.லி. கழிவுக்கும் 180 மி.லி. கழிவுக்கும் அங்கே வித்தியாசமில்லை. மாதிரி தயாரிப்புக்கென்றே பத்து நெறிகளை 2022-இல் வகுத்தார்கள், அதே ஆண்டு அவற்றை வைத்து அக்ரீபிரெப் என்ற மென்பொருளும் வந்தது, பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மதிப்பெண் தரும். எனக்குப் பிடித்தது அந்த நெறிகளில் முதலாவது: முடிந்தால் மாதிரி தயாரிப்பை மாதிரி இருக்கும் இடத்திலேயே செய்துவிடு. பிரித்தெடுப்பைப் பசுமையாக்குவதற்கு முந்தைய கேள்வி, அந்தப் படி வேண்டுமா என்பதுதான். பழைய முறைக்கும் புது முறைக்கும் இந்த மென்பொருளில் மதிப்பெண் போட்டு இரண்டு வட்டப் படங்களையும் வழிகாட்டி முன்னால் வையுங்கள், பேச்சு எளிதாகிவிடும்.

நீர்ச்சோதனை:

மூவருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோலின் குளோரைடு கலவை தண்ணீரோடு கலந்து இல்லாமல் போய்விடும் என்பது ஒன்றே என் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது.

விட்டுப்போன விவரங்கள்: தண்ணீர் பெரும்பாலும் நிலத்தடி நீர், கொஞ்சம் ஆற்று நீர், அது மழைக்காலத்தில் கலங்கலாக வரும். எங்கள் ஜிசியில் பிடிவி இல்லை, சாதாரண ஸ்பிளிட்லெஸ் இன்லெட்தான், ஒன்று அல்லது இரண்டு மைக்ரோலிட்டருக்கு மேல் போடமுடியாது. தானியங்கி எஸ்பிஎம்இயும் இல்லை. இப்போதைக்குப் புதுக்கருவி வாங்கும் நிலையில் இல்லை. அப்படியானால் சிறிய அளவுக்கு இறங்குவது எங்களுக்கு ஒத்துவராதா?

மண் மாதிரிகளும் உண்டு. அதற்கு சாக்ஸ்லெட் (கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்ப மண் வழியாக விடும் கருவி), 300 மி.லி. அசிட்டோன்-ஹெக்சேன், ராத்திரி முழுவதும். அதற்கும் ஏதாவது வழி சொன்னால் நல்லது.

குடுவைமேசை:

இடையில் ஒரு சின்னக் குறிப்பு. 180 மி.லி. என்று எல்லோரும் பேசுகிறீர்கள், கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவும் கரைப்பானை யாரும் சேர்க்கவில்லை. ஒரு லிட்டர் பிரிபுனல், புனல், வடிகுடுவை, ஆவியாக்கும் குழாய் என்று எல்லாவற்றையும் அசிட்டோனிலும் டைகுளோரோமீத்தேனிலும் அலசும் ஆய்வகங்களில் அது பிரித்தெடுப்புக் கரைப்பானுக்கு நிகராகவே வந்துவிடும். சிறிய குப்பியில் நடக்கும் முறைக்கு மாறினால் பாத்திரமே இல்லை, கழுவலும் இல்லை.

அப்புறம் டைகுளோரோமீத்தேன் பற்றி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்தது. ஆய்வகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டு, ஆனால் எட்டு மணி நேரச் சராசரி 2 பிபிஎம் என்ற வரம்போடு. அதுவரை அங்கே தொழிலிட வரம்பு 25 பிபிஎம். திறந்த பாத்திரத்தில் நூற்றுக்கணக்கான மி.லி. ஆவியாக்கும் ஆய்வகம் புகைப்போக்கி கொஞ்சம் மந்தமானாலே அந்த வரம்பைத் தாண்டிவிடும். நிர்வாகத்திடம் பேச இது நல்ல ஆதாரம். கையுறை விஷயத்திலும் கவனம், மெல்லிய நைட்ரைல் கையுறையை டைகுளோரோமீத்தேன் மிக விரைவில் ஊடுருவும், கையுறை போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கமுடியாது.

நிறப்பிரிகை:

பிடிவி இல்லையென்றால் பரவாயில்லை, கணக்கை வேறு பக்கத்திலிருந்து போடுவோம். உங்களுக்கு வேண்டிய அளவீட்டு எல்லை என்ன?

100 மி.லி. தண்ணீர், 2 மி.லி. ஐசோஆக்டேன், 2 மைக்ரோலிட்டர் ஊசி. பிரிப்புக் குழாய்க்குள் போவது 0.1 மி.லி. தண்ணீருக்கு நிகரான அளவு, பழைய முறையில் பத்தில் ஒரு பங்கு. பென்சோ(ஏ)பைரீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு மதிப்பு லிட்டருக்கு 0.7 மைக்ரோகிராம். அந்தச் செறிவில் பிரிப்புக் குழாய்க்குப் போவது 70 பிகோகிராம். அமெரிக்க வரம்பான 0.2 மைக்ரோகிராம் என்றால் 20 பிகோகிராம். தேர்ந்த அயனிகளை மட்டும் பார்க்கும் சிம் முறையில் இவற்றை ஓரளவு நல்ல நிலையில் உள்ள எந்த ஜிசி-எம்எஸ்ஸும் பார்த்துவிடும். ஐரோப்பிய வரம்பு 0.010 மைக்ரோகிராம், அங்கே ஒரு பிகோகிராமுக்கு வந்துவிடுகிறது, வரம்பில் ஒரு பங்கையே அளந்தாகவேண்டும் என்பதால் அதற்கு இந்த வழி போதாது. அப்போது பிரித்தெடுத்த 2 மி.லி.யை 0.2 மி.லி.க்குச் சுருக்கலாம், அல்லது ஜிசி-எம்எஸ்/எம்எஸ் வேண்டும். நீங்கள் இன்னும் எல்லா அயனிகளையும் பார்க்கும் முழு ஸ்கேனில் ஓட்டிக்கொண்டிருந்தால் சிம்முக்கு மாறுவதே முதல் வேலை. ஒரு பைசா செலவில்லாமல் மாதிரியின் அளவைக் குறைக்க அதுதான் வழிவிடும்.

பாத்திரத்துக்கு 100 மி.லி. அளவுக்குடுவையே போதும். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர், பிறகு 2 மி.லி. ஐசோஆக்டேன், காந்தக் குச்சி போட்டு வேகமாகச் சுழற்றுங்கள். நிறுத்தியதும் சுத்தமான தண்ணீரை மெதுவாக விட்டு மட்டத்தை ஏற்றினால் கரைப்பான் அடுக்கு குறுகிய கழுத்துக்குள் உயரமாக வந்து நிற்கும், பாஸ்டர் பிப்பெட்டால் எடுத்துவிடலாம். ஆற்று நீர் பால்கட்டினால் உப்பு சேருங்கள், அப்படியும் பிரியவில்லையென்றால் மையவிலக்கு. முழு 2 மி.லி.யும் திரும்பக் கிடைக்காது, அதைப் பிடிக்க முயலவும் வேண்டாம். டியூட்டீரியம் ஸ்டாண்டர்டுகளைத் தண்ணீரிலேயே முதலில் சேர்த்துவிட்டால் விகிதம்தான் முக்கியம், கிடைத்த கன அளவு முக்கியமில்லை. ஸ்டாண்டர்டு சேர்ப்பது விலைதான், ஆனால் கரைப்பான் மிச்சத்தில் அதற்குப் பணம் வந்துவிடும்.

மண்ணுக்கு வருவோம். சாக்ஸ்லெட் 1879-இல் பாலின் கொழுப்பை அளக்க வந்த கருவி. இன்றைக்கும் மீட்பு மதிப்புகளை ஒப்பிட அதுவே அளவுகோலாக நிற்பது மரியாதைக்குரிய விஷயம்தான், ஆனால் தினசரி வேலைக்கு அது தேவையில்லை. நுண்ணலைப் பிரித்தெடுப்பில் அதே அசிட்டோன்-ஹெக்சேன் கலவை 25 முதல் 30 மி.லி., 100 முதல் 115 டிகிரி, பத்து இருபது நிமிடம், ஒரே நேரத்தில் பல கலன்கள். உங்கள் நிறுவனத்தில் உலோகப் பகுப்பாய்வுக்கென்று நுண்ணலைச் செரிப்பான் யாரிடமாவது இருக்கும், ஆனால் அது கரிமக் கரைப்பானுக்கு ஏற்ற பாதுகாப்பு உள்ள மாதிரியா என்று கையேட்டில் பார்த்த பிறகுதான் தொடவேண்டும், கரைப்பான் ஆவி கசிந்தால் விபத்தாகும். கலன்களும் தனியாக வேண்டும், அமிலம் பட்ட கலனில் பிஏஎச் எடுக்காதீர்கள்.

அதுவும் இல்லையென்றால் மீயொலித் தொட்டி. ஈரம் நீக்கிய, நன்றாகச் சலித்த மண்ணில் 2 கிராம், 10 மி.லி. கரைப்பான், இரண்டு தடவை. பழைய, கரிந்த மண்ணில் மீட்பு சாக்ஸ்லெட்டைவிடக் குறையலாம், அதனால் சான்றளிக்கப்பட்ட மண் மாதிரியை வைத்துப் பார்க்காமல் மாறாதீர்கள். ஸ்பைக் செய்து பார்த்தால் மட்டும் போதாது, நேற்று சேர்த்த பிஏஎச் மண்ணில் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும், பல வருடம் ஊறியது அப்படி எளிதில் வராது.

பசுமைக்கணக்கு:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சில அளவுகள் எந்த முறையில் செய்கிறோமோ அதுவே விடையைத் தீர்மானிக்கும் வகை. எண்ணெய்-கிரீஸ் அளவீடு அப்படிப்பட்டது. ஓசோன் படலத்துக்காக அதில் ஃப்ரியான்-113 கைவிடப்பட்டு ஹெக்சேன் வந்தபோது, கரைப்பான் மாறினால் எண்ணும் மாறும் என்பதால் பெரிய ஒப்பீட்டு வேலை தேவைப்பட்டது. அங்கே நாமாகக் கரைப்பானை மாற்றமுடியாது. பிஏஎச் அப்படியல்ல, ஒவ்வொன்றும் தனி மூலக்கூறு, எப்படி எடுத்தாலும் விடை ஒன்றாகவே இருக்கவேண்டும். அதனால் உங்களுக்கு மாற்ற இடமிருக்கிறது, மாற்றியது சரி என்று காட்டும் பொறுப்பும் இருக்கிறது. அறிக்கை யாருக்குப் போகிறதோ அவர்கள் எந்த முறையின் பெயரை ஒப்புக்கொள்கிறார்கள் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நீர்ச்சோதனை:

எங்களுக்கு வேண்டியது 0.2 மைக்ரோகிராம் வரம்பை நம்பிக்கையாகப் பார்ப்பது, அதில் பத்தில் ஒரு பங்கு வரை இறங்கினால் போதும். ஆம், இதுவரை முழு ஸ்கேன்தான். அப்படியானால் 100 மி.லி. முறையில் தொடங்குகிறேன். வழிகாட்டியின் ஆழ் யூடெக்டிக் ஆர்வத்தை மண் பக்கம் திருப்பிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஒரே ஒரு சந்தேகம். ஒப்பீடு செய்யும்போது ஒரே புட்டியிலிருந்து ஒரு லிட்டர் பழைய முறைக்கும் 100 மி.லி. புது முறைக்கும் எடுக்கலாமா?

நார்முனை:

வேண்டாம். கனமான பிஏஎச் கண்ணாடிச் சுவரில் ஒட்டும், துகளோடு அடியில் படியும். பெரிய புட்டியிலிருந்து ஊற்றி எடுத்த 100 மி.லி.யில் பென்சோ(ஏ)பைரீன் குறைவாகத் தெரியும், பழி புது முறையின்மேல் விழும். மாதிரி எடுக்கும் இடத்திலேயே தனித்தனிப் புட்டிகளில் பிடியுங்கள், லிட்டர் புட்டி ஒன்று, 100 மி.லி. புட்டி மூன்று நான்கு, பழுப்புக் கண்ணாடி, மூடியின் உள்ளே டெஃப்லான். ஒவ்வொரு புட்டியையும் முழுசாகப் பயன்படுத்துங்கள். சிறிய புட்டியைக் காலி செய்ததும், குடுவைக்குள் விடவேண்டிய அந்த 2 மி.லி. ஐசோஆக்டேனையே முதலில் புட்டிக்குள் விட்டுச் சுவரெல்லாம் படும்படி சுழற்றி, பிறகு குடுவைக்கு மாற்றுங்கள். புட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதை முன்னும் பின்னும் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளலாம், குறி போட்டு அளப்பதைவிட அது துல்லியம்.

மழைக்காலத்து ஆற்று நீரை இந்த ஒப்பீட்டில் கட்டாயம் சேருங்கள். நிலத்தடி நீரில் இரண்டு முறையும் ஒத்துப்போகும், அதில் பெரிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கலங்கல் நீரில் நான்கு வளையத்துக்கு மேற்பட்டவை எப்படி வருகின்றன என்று பார்த்துவிட்டு இங்கே எண்களைப் போடுங்கள், குறைவாக வந்தால் குலுக்கும் நேரத்தைக் கூட்டுவதா, துகளை வடிகட்டித் தனியாக எடுப்பதா என்று அப்போது பேசலாம்.